பவர் யூசர் மென்பொருளைச் சாதாரண ஆட்கள் கையில் கொடுக்கலாமா?

#1 எலிப்பொறி

தலைப்பைப் பார்த்ததும் சண்டைக்கு வந்துவிடாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான்: பவர் யூசர், அதாவது மென்பொருளின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்து வேகமாக வேலை செய்கிறவன். மவுஸைத் தொடாமல் ஒரு நாளை ஓட்டிவிட்டால் அற்பப் பெருமை கொள்கிற ஆள்.

போன மாதம் அக்கா லேப்டாப் மந்தமாக இருக்கிறது என்று கூப்பிட்டாள். ஒரு சிறிய அலுவலகத்தின் காகித வேலை முழுக்க அவளுடையது. நான் போனபோது ஸ்கேன் செய்த 140 ரசீதுகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தாள். வலது கிளிக், பட்டியலில் மறுபெயர் எங்கே என்று தேடுவது, பெயரின் கடைசியில் ஒரு கிளிக், பேக்ஸ்பேஸைத் தட்டித் தட்டி அழிப்பது, புதுப் பெயர் அடிப்பது, அப்புறம் என்டர் தட்டாமல் வெள்ளை இடத்தில் இன்னொரு கிளிக். பத்து நிமிடம் பார்த்தேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

நான் தினமும் பயன்படுத்துகிற, இரண்டு பலகை கொண்ட ஃபைல் மேனேஜரை அவள் மெஷினிலும் போட்டுக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். தலையை ஆட்டினாள்.

நாலாம் நாள் போன். "ரசீது ஃபோல்டரையே காணோம்டா." போய்ப் பார்த்தால் கதை இதுதான்: ஏதாவது திரையில் சரியாகத் தெரியவில்லை என்றால் எஃப்5 தட்டிப் புதுப்பிப்பது அவள் வழக்கம். இந்த மென்பொருளில் எஃப்5 நகல் எடுக்கும், எஃப்6 நகர்த்தும். விரல் ஒரு விசை தள்ளி விழுந்திருக்கிறது. ஏதோ பெட்டி வந்து கேட்டிருக்கிறது, என்டர் தட்டியிருக்கிறாள். ஃபோல்டர் அடுத்த பலகையில் திறந்திருந்த இடத்துக்குக் குடிபோய்விட்டது. அது தெரியாமல் அரை நாள் உட்கார்ந்து பாதி ரசீதுகளை மறுபடி ஸ்கேன் செய்திருக்கிறாள்.

இனி என் கம்ப்யூட்டரில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டாள். தப்பு மென்பொருள் மேலா, அவள் மேலா, என் மேலா? மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது, ஆனாலும் உங்களைக் கேட்கிறேன்.

#2 கருந்திரை

ஒத்துவராது. எதற்கு இவ்வளவு நீளமாக எழுதினீர்கள்? கற்றுக்கொள்ள வேண்டும் என்ற அரிப்பு உள்ளவர்களுக்குத்தான் இவையெல்லாம். எனக்கு விம் என்ற, விசைகளாலேயே ஓட்டும் எடிட்டர் பழக மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரமும் எரிச்சல்தான். இப்போது வேறு எடிட்டரில் கை ஓடுவதில்லை. அந்த எரிச்சலைத் தாண்டத் தயாரில்லாதவர்களுக்கு வந்ததை வைத்து ஓட்டட்டும் என்று விட்டுவிடுவதே மரியாதை.

#3 ஹெல்ப்டெஸ்க்காரன்

கருந்திரை சொல்வது பாதி சரி. ஆனால் அரிப்பு இருக்கிறதா இல்லையா என்பதைவிட எனக்கு முக்கியமான கேள்வி வேறு: கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவார்கள்?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் கம்ப்யூட்டரில் பேய் இருக்கிறது என்று புகார் கொடுத்தார். சிரிக்க வேண்டாம், புகாரில் அப்படியேதான் எழுதியிருந்தார். ஒரு குறிப்பிட்ட இரண்டெழுத்தை அடித்து ஸ்பேஸ் தட்டினால் எங்கிருந்தோ ஒரு முழு அஞ்சல் முகவரி வந்து விழுகிறது. வைரஸ் என்று நினைத்து ஸ்கேன், கீபோர்டை மாற்றிப் பார்ப்பது என்று எனக்கு அரை நாள் போனது. கடைசியில் என்னவென்றால், அந்த மெஷினை முன்பு வைத்திருந்தவர், விசைகளுக்கு நாமே வேலை வைக்க உதவும் ஆட்டோஹாட்கீயில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, விண்டோஸ் தொடங்கும்போதே ஓடும்படி வைத்துவிட்டு வேலையை விட்டுப் போயிருக்கிறார். அவருக்கு அது ஒரு வரம். அடுத்து வந்தவருக்குப் பேய்.

எலிப்பொறி, உங்கள் அக்காவுக்கு நீங்கள் கொடுத்தது மென்பொருள் மட்டும் இல்லை. உங்கள் போன் நம்பரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

#4 பழைய_விசைப்பலகை

வயதானவன் ஒருவன் குறுக்கே வரலாமா?

விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் காலத்தில் வேர்ட்பெர்ஃபெக்ட் 5.1 என்று ஆவணம் தட்டச்சு செய்யும் மென்பொருள் ஒன்று இருந்தது, 1989-இல் வந்தது. நீலத் திரை. மெனு இருந்தும் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. அச்சிட ஷிஃப்ட்+எஃப்7, வெளியே வர வெறும் எஃப்7, சேமிக்க எஃப்10, உதவிக்கு எஃப்3. இன்றைக்கு எஃப்1 என்றால் உதவி. அதில் எஃப்1 தட்டினால் ரத்து. இதைவிட முரட்டுத்தனமான இடைமுகத்தை யாராவது திட்டம் போட்டுச் செய்ய முடியுமா?

அதை யார் பயன்படுத்தினார்கள்? புரோகிராமர்கள் இல்லை. வக்கீல் அலுவலகத் தட்டச்சர்கள், எழுத்தர்கள். என் பக்கத்து மேசையில் இருந்த அம்மா ரிவீல் கோட்ஸைத் திறந்து, திரையின் கீழ்ப்பாதியில் வரிசையாகத் தெரியும் குறியீடுகளில் தடிமன் எங்கே தொடங்கி எங்கே முடியாமல் விட்டிருக்கிறது என்று பார்த்துச் சரி செய்வார். இன்றைக்கு இணையப் பக்கம் செய்கிறவர் டேக் மூடாததைத் தேடுகிற மாதிரியே இருக்கும். அவரிடம் போய் நீங்கள் பவர் யூசர் என்று சொல்லியிருந்தால் வேலையைப் பாரப்பா என்றிருப்பார்.

#5 கருந்திரை

> பழைய_விசைப்பலகை: "தட்டச்சர்கள், எழுத்தர்கள்"

இதைத்தானே நானும் சொல்கிறேன்? கற்றுக்கொண்டார்கள், முடிந்தது. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? நாம்தான் எல்லாரையும் குழந்தை மாதிரி நடத்திக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

#6 பழைய_விசைப்பலகை

அவசரப்படாதீர்கள் தம்பி. ஒன்றை விட்டுவிட்டேன். ஃபங்ஷன் விசைகளை ஒட்டி வைக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கூடவே வரும். ஒவ்வொரு விசைக்கும் நான்கு வேலை, நான்கு நிறம்: கறுப்பு என்றால் விசை மட்டும், பச்சை ஷிஃப்டோடு, நீலம் ஆல்ட்டோடு, சிவப்பு கண்ட்ரோலோடு. மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, கண்ணை இறக்கினால் போதும். ஆறு மாதத்தில் பட்டையைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள், அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அதோடு அவர்கள் எட்டு மணி நேரமும் அந்த ஒரே திரையில்தான் இருந்தார்கள். மாதத்தில் இரண்டு நாள் ரசீதுக்குப் பெயர் மாற்றுகிறவர் எந்தக் கணக்கில் மூன்று வாரம் எரிச்சல்பட வேண்டும்? ஜான் கரோல், மேரி பெத் ராஸன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1987-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர் கையேட்டைப் படிக்க வரவில்லை, கையில் இருக்கும் வேலையை முடிக்க வந்திருக்கிறார். கொஞ்சம் நின்று கற்றால் பிறகு நேரம் மிச்சம் என்று தெரிந்தாலும் நிற்க மாட்டார். சுறுசுறுப்பான பயனரின் முரண்பாடு என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். நான் அதை முரண்பாடு என்றே சொல்ல மாட்டேன். இன்று மாலைக்குள் போக வேண்டிய கடிதம் இன்று மாலைக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

#7 கட்டம்கட்டி

எல்லாரும் எடிட்டரையும் ஃபைல் மேனேஜரையும் பிடித்துத் தொங்குகிறீர்கள். உலகத்திலேயே பெரிய பவர் யூசர் மென்பொருள் எக்செல். அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று சுற்றிப் பாருங்கள்.

டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் 1979-இல் ஆப்பிள் இரண்டு கம்ப்யூட்டருக்கு எக்செல் மாதிரியான விசிகால்க் கொண்டுவந்தபோது கணக்கு எழுதுகிறவர்கள் அதற்காகவே கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஒரு கட்டத்தில் சூத்திரம், அது இன்னொரு கட்டத்தைப் பார்க்கிறது, அது மாறினால் இது தானாக மாறுகிறது. இது புரோகிராமிங் இல்லாமல் வேறென்ன? எங்கள் அலுவலகத்தில் ஒருவர், கோடிங் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவார். அவர் எழுதிய ஒரு கட்டத்தை எட்டிப் பார்த்தேன், இஃப்புக்குள் இஃப் ஆறு அடுக்கு. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் எங்கே என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார். யாரும் அவரிடம் இது நிரல் என்று சொல்லவில்லை, அதுதான் விஷயம்.

இதே கதை ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்கும் உண்டு. ஈமேக்ஸை உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 2002-இல் ஓர் உரையில் சொன்னது. பெர்னார்ட் கிரீன்பெர்க் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக லிஸ்ப் என்ற நிரல் மொழியில் ஓர் ஈமேக்ஸ் எழுதினார். அவர் அலுவலகத்துச் செயலாளர்கள் அதற்குப் புதுக் கட்டளைகளைத் தாங்களே எழுத ஆரம்பித்துவிட்டார்களாம். அவர்கள் கையில் இருந்த கையேடு ஈமேக்ஸை எப்படி விரிவாக்குவது என்று சொன்னது, இதற்குப் பெயர் புரோகிராமிங் என்று மட்டும் சொல்லவில்லை. நமக்கு வராது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் பயமில்லாமல் லிஸ்ப் எழுதினார்கள்.

கருந்திரை, லிஸ்ப்! உங்கள் மூன்று வார விம்மை எடுத்து உள்ளே வையுங்கள்.

#8 ஹெல்ப்டெஸ்க்காரன்

எக்செல் வெற்றிக் கதையாகவே இருக்கட்டும். அந்த வெற்றியின் பில் எங்கே வருகிறது என்றும் பார்ப்போம்.

மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்2 என்றெல்லாம் சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும். விஞ்ஞானிகள் எத்தனை வருடம் மல்லுக்கட்டினார்கள் தெரியுமா? கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். மென்பொருளுக்காக மரபணு பெயர் மாற்றிக்கொண்டது.

அதே 2020, இங்கிலாந்து. கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவ ஃபைலில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான், புதிய வடிவத்தில் 10,48,576. ஒரு நோயாளிக்குப் பல வரிசை. நிரம்பியதும் மிச்சம் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. 15,841 பேரின் முடிவு கணக்கில் வராமல் போய், அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தாமதமானது.

நான் எக்செல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது தப்பு நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. கையில் பலம் கொடுக்கிற எந்தக் கருவியும் தப்பு நடக்கும்போது கத்த வேண்டும். எலிப்பொறியின் அக்கா விஷயத்திலும் பெட்டி ஒன்று வந்ததாம், அது என்ன கேட்டது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

#9 கட்டம்கட்டி

கத்தினால் மட்டும் போதாது அண்ணே. 2021-இல் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற யூடியூப் சேனலின் வீடியோ பார்த்திருப்பீர்கள். லைனஸ் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில், கேம்களுக்கான ஸ்டீமை நிறுவப் போய், டெஸ்க்டாப்பே காணாமல் போனது. கணினி எச்சரித்தது, ஆபத்து என்றது, "ஆம், நான் சொன்னபடி செய்" என்று முழு வாக்கியத்தையும் அடித்தால்தான் நகர்வேன் என்றது. அவர் அடித்தார். விவரம் தெரிந்த மனிதர்தான். ஸ்டீம் வேண்டும் என்ற நினைப்பில் இருப்பவருக்கு நாலு பத்தி எச்சரிக்கை வெறும் இரைச்சல்.

#10 மதியத்தூக்கம்

இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன். இதுவரை எழுதியதில்லை. நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிற அந்த "சாதாரண ஆள்" நான்தான்.

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. நாள் முழுக்க ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டி ஒட்டுவேன். ஒரு தோழி விண்டோஸ்+வி அழுத்திப் பார் என்றாள். முதல் தடவை இயக்கவா என்று கேட்டது, ஆம் என்றேன். அதற்குப் பிறகு காப்பி செய்தவை வரிசையாக நிற்கின்றன. அன்றைக்கு எனக்குக் கிட்டத்தட்ட அழுகை வந்தது. இத்தனை வருடம் காப்பி செய்ததை மறந்து இன்னொன்றைக் காப்பி செய்துவிட்டுத் திரும்பி ஓடியதெல்லாம் கண் முன்னே வந்தது.

ஆனால் ஒருவர் ஆறு பக்கத்துக்கு ஷார்ட்கட் பட்டியல் அச்சிட்டுக் கொடுத்தார். அது இழுப்பறையில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் கஷ்டம், சுலபம் எல்லாம் எனக்கு இரண்டாவதுதான். ஒன்றை அழுத்திவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியுமா என்று தெரியாத இடத்தில்தான் கை நடுங்கும். கண்ட்ரோல்+இசட் வேலை செய்யும் என்று தெரிந்தால் எதையும் அழுத்திப் பார்ப்பேன். விண்டோஸ்+வி-யில் என்ன கெட்டுப்போய்விடும்? எஸ்கேப் அடித்தால் மூடிக்கொள்கிறது.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உதவ வருகிறவர்கள் மவுஸை வாங்கிக்கொண்டு தாங்களே செய்து காட்டுவார்கள், அவ்வளவு வேகமாக. எனக்குத் தெரிவது அவர்கள் கை மட்டும்தான்.

#11 எலிப்பொறி

> மதியத்தூக்கம்: "எனக்குத் தெரிவது அவர்கள் கை மட்டும்தான்"

சுருக்கென்று குத்துகிறது. அந்த ஒரு மணி நேரப் பாடத்தில் மவுஸ் அக்காவிடம் போனதா என்று யோசிக்கிறேன். போனதாக ஞாபகமில்லை.

#12 ஜே_கே_எல்

விம் ரசிகன்தான், ஆனாலும் கருந்திரைக்கு ஒரு விஷயம். விம்முக்கு மூதாதையான வி எடிட்டரை பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கினார். அவர் அதை எழுதிய டெர்மினல் ஏடிஎம்-3ஏ (ADM-3A). அந்த விசைப்பலகையில், விம்மில் கர்சரை நகர்த்துகிற ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. எஸ்கேப் இருந்த இடம் இன்றைக்கு டேப் இருக்கிற இடம், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். அதாவது நாம் வீரம் என்று நினைத்துப் பழகியது, அன்று கண்ணுக்கு எதிரே எழுதி ஒட்டியிருந்த விஷயம். பழைய_விசைப்பலகை சொன்ன பிளாஸ்டிக் பட்டையேதான். விசைப்பலகை மாறியது, அம்புக்குறி போனது, பழக்கம் மட்டும் நின்றுவிட்டது.

அந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பதும் தெரிந்ததே. விம்மை விட்டு எப்படி வெளியே வருவது என்ற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவை பார்த்திருந்தார்கள். அந்தத் தளத்துக்கு வருகிறவர்கள் நிரல் எழுதுகிறவர்கள்!

வெட்டு, நகல், ஒட்டு என்ற பழக்கத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வகத்தில் உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லருக்கு மோடு என்ற சொல்லே பிடிக்காது. ஒரே விசை ஒரு நேரம் எழுத்தாகவும் இன்னொரு நேரம் கட்டளையாகவும் இருப்பதை எதிர்த்தே வாழ்நாள் முழுக்கப் பேசினார். கார் நம்பர் பலகையிலேயே "மோடு வேண்டாம்" என்று பொறித்து வைத்திருந்த மனிதர். மதியத்தூக்கம் கை நடுங்குகிறது என்பதும், ஒரு விசை இங்கே புதுப்பிக்கும் அங்கே நகல் எடுக்கும் என்று அந்த அக்கா மாட்டிக்கொண்டதும் அவர் சொன்ன நோய்க்குப் பக்கத்து வீடு.

#13 நாலு_ஜன்னல்

பவர் யூசர் அம்சம் என்று ஒரு சாதியே கிடையாது என்பது என் கட்சி. டேபில் இணையம் பார்ப்பது ஒரு காலத்தில் ஓபரா பிரௌசர் வைத்திருந்த நாலு பேரின் கர்வம். 2006-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7-இல் வந்தது, இன்றைக்கு டேப் இல்லாத பிரௌசரை யாருக்குக் காட்ட முடியும்? ஃபைல் எக்ஸ்ப்ளோரருக்கு டேப் வந்தது 2022-இல்தான். விண்டோஸ்+வி 2018-இல். அதற்கு முன் கிளிப்போர்டு வரலாறு வேண்டுமென்றால் தனியாக ஒரு மென்பொருள் போட வேண்டும், அதைப் போட்டவர் பவர் யூசர்.

ஜன்னல்களை ஓடு பதிக்கிற மாதிரி அடுக்குவது இன்னும் வேடிக்கை. 1985-இல் வந்த முதல் விண்டோஸில் ஜன்னல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறவே ஏறாது, பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். பிறகு ஏற விட்டார்கள். லினக்ஸில் சிலர் ஐ3 என்ற ஜன்னல் அடுக்கும் மென்பொருளைப் போட்டுப் பழைய மாதிரி அடுக்கிக்கொண்டு மேதாவி ஆனார்கள். 2009-இல் விண்டோஸ் 7 ஜன்னலை ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரை என்றது, விண்டோஸ் 11-இல் பெரிதாக்கும் பொத்தான் மேல் மவுஸை வைத்தாலே கட்டம் கட்டமாகப் படம் காட்டுகிறது. கன்ஃபிக் ஃபைல் எழுதச் சொன்னபோது யாரும் வரவில்லை. படம் காட்டியதும் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

#14 கருந்திரை

சரி, சரி. எல்லாரும் சேர்ந்து அடித்தது போதும்.

ஒன்று மட்டும் விட்டுத்தர மாட்டேன். எளிமை என்று சொல்லி அமைப்புகளைப் பிடுங்கி எறிகிறார்களே, அது சாதாரண ஆட்களுக்கும் நல்லதில்லை. 2002-இல் லினக்ஸ் டெஸ்க்டாப்பான குனோம் 2 வந்தபோது அதைத்தான் செய்தார்கள். 2005-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே வெடித்தார், பயனர்களை முட்டாள்களாக நினைக்கிறீர்கள் என்று. குனோமுக்குப் போட்டியான கேடிஈ வைத்திருக்கிற வாசகம், இயல்பில் எளிமை, தேவைப்பட்டால் வலிமை. அது போதும் எனக்கு.

தேடுவதற்கு எவ்ரிதிங் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுங்கள் அந்த அக்காவுக்கு. ஒரு பெட்டி, பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் கீழே ஃபைல்கள். விண்டோஸ் டிஸ்க்கின் ஃபைல் விவரமெல்லாம் இருக்கும் என்டிஎஃப்எஸ்ஸின் மாஸ்டர் ஃபைல் டேபிளையே நேராகப் படித்துப் பட்டியல் போடுவதால் அவ்வளவு வேகம், ஆனால் அதை அவரிடம் சொல்லத் தேவையில்லை. காணாமல் போன ஃபோல்டர் அன்றைக்கே கிடைத்திருக்கும், மறுபடி ஸ்கேன் செய்திருக்க வேண்டாம்.

#15 ஹெல்ப்டெஸ்க்காரன்

கருந்திரை வாயிலிருந்து "சொல்லத் தேவையில்லை"! இந்த இழையைப் பூட்டி வைத்துவிடலாம்.

#16 எலிப்பொறி

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த ஃபைல் மேனேஜரைத் தூக்கிவிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மவுஸ் அவளிடமே இருக்க, வாயால் மட்டும் சொல்வது என்று சபதம். பத்து நிமிடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது, அது வேறு.

மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸில் இருக்கும், ஃபைல்களுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றும் பவர்ரீநேமைக் காட்டினேன். அவள் கை எப்படியும் வலது கிளிக்குக்குத்தான் போகிறது, அது அங்கேயே நிற்கிறது. பழைய பெயர் ஒரு பக்கம், மாறப்போகும் பெயர் எதிர்ப்பக்கம், பொத்தான் தட்டும்வரை எதுவும் மாறாது. நல்லா இருக்கு என்றாள். "நல்லா இருக்கு" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ரசீதுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றும் வேறு பெயர், மொத்தமாக மாற்ற அவளுக்கு ஒன்றுமில்லை. அதைக்கூட நான் முதலில் கேட்டிருக்கவில்லை.

அப்புறம் பேச்சுவாக்கில், எஃப்2 தட்டினால் நேராகப் பெயர் மாற்றலாம், அடித்து முடித்ததும் என்டருக்குப் பதில் டேப் தட்டினால் அடுத்த ஃபைலின் பெயர் தயாராக நிற்கும், தப்பினால் கண்ட்ரோல்+இசட் என்றேன். சாதாரண எக்ஸ்ப்ளோரரில்தான், எதையும் நிறுவ வேண்டாம். ஒரு ஃபைல் செய்தாள். இன்னொன்று. வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக அடித்து கண்ட்ரோல்+இசட் போட்டுப் பார்த்தாள். அப்புறம் நான் இருப்பதையே மறந்துவிட்டாள். முப்பது, நாற்பது ஃபைல் டேப், டேப் என்று ஓடியது.

"இதை ஏன் முதல் நாளே சொல்லலை?" என்று திரும்பாமலே கேட்டாள்.

#17 மதியத்தூக்கம்

டேப் தட்டினால் அடுத்த ஃபைலா?? இப்போதுதான் செய்து பார்த்தேன். எத்தனை வருடம்!

#18 கருந்திரை

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் தெரியாது.